மூடியபின்

ரோய் சாவியை மேசையில் வைத்தான், கொஞ்சம் ஓங்கி.
இரண்டு வருடத்தில் மூன்றாவது பேட்டரி.
கடலுக்குப் போகும்போது நன்றாய்த்தான் இருக்கிறது,
ஆறு வாரம் கழித்துத் திரும்பினால்
சாவிக்கு ஒரு முனகல்கூட இல்லை.
"துறைமுகத்தில் எவனோ திருடுகிறான்" என்றான்.
கிளாக்ஸ்விக்கில் கார்க் கதவை யாரும் பூட்டுவதில்லை.
இந்த ஃபாரோ மழையில் மின்சாரம் திருட யார் வருவார்,
ஆடுகளா?

மைனஸ் கம்பியைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தேன்.
கதவின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் மடக்கி
மூடிவிட்டதாகக் காரை நம்பவைத்தேன்.
இனி இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது,
அது தூங்க வேண்டும்.
பன்னிரண்டாவது நிமிடம்
ரோய் கையுறை எடுக்கப் பின்கதவைத் திறந்தான்.
எண் துள்ளியது.
மறுபடி காபி. மறுபடி இருபது.
தகரக் கூரைக்கு வேலையில்லை,
மழை பக்கவாட்டுச் சுவரில் பெய்துகொண்டிருந்தது.

நானூற்று நாற்பது மில்லியாம்பியர்.
இந்த வயதுக் காருக்கு முப்பது போதும்:
கடிகாரத்துக்கு, பூட்டுக்கு,
ரேடியோ தன் நிலையங்களை மறக்காமலிருக்க.
மிச்சத்தை உள்ளே எதுவோ தின்கிறது.
குந்தித் தின்றால் குன்றும் மாளும்,
இது வெறும் அறுபது ஆம்பியர்-மணி.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
ஹாரன், நானூற்று நாற்பது.
வைப்பர், நானூற்று நாற்பது.
சிகரெட் லைட்டரில் அவன் செருகிவைத்த சீனத்துச் சார்ஜர்,
அதன்மேல்தான் மனதுக்குள் பந்தயம் கட்டியிருந்தேன்,
நானூற்று நாற்பது.
இருபத்துமூன்றாவதில்
முப்பது.
விரலிடுக்கில் ஒரு சிவப்பு வில்லை.
உள்விளக்குகள்.

கூரை விளக்கு அணைந்திருந்தது.
டேஷ்போர்டுப் பெட்டியின் இடுக்கில் கண்ணை வைத்தேன், இருட்டு.
மிச்சம் டிக்கி.
திறந்தால் எரியும், எரியத்தானே வைத்திருக்கிறார்கள்.
திறந்து பார்த்து எதைத் தெரிந்துகொள்வது?

ஃபியூஸை மீண்டும் செருகினேன்.
என் போனில் வீடியோவை ஓடவிட்டு
அவனுடைய மழைச்சட்டையில் சாய்த்து
டிக்கியை மூடினேன்.
பத்துவரை எண்ணினோம். அவன் எட்டிலேயே திறந்துவிட்டான்.

இருவரும் குனிந்து பார்த்தோம்.
முதலில் என் மோவாய், பிறகு இறங்கும் மூடி, டப்பென்ற ஓசை.
இருள வேண்டிய இடத்தில்
மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ்.
நைலான் கயிற்றுச் சுருள்.
அவன் மகளின் ஒற்றைக் கால்பந்துக் காலுறை.
எதுவும் அசையவில்லை.
யாரும் பார்க்காதபோது
ரோயின் டிக்கி இப்படித்தான் இருக்கிறது.

"எத்தனை நாள் எரிந்திருக்கும்?"
அட்டைப்பெட்டியின் மேல் வகுத்தேன். ஐந்தரை நாள், ஏறக்குறைய.
பிறகு மங்கியிருக்கும்.
அவன் விரல் மடக்கினான்.
"ஐந்தரை... கரடித் தீவைத் தாண்டியிருந்தோம்.
அன்றைக்குத்தான் வின்ச்சுக் கம்பி..."
நகமில்லாத கட்டைவிரலில் வந்து நின்றான்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல
வாயெடுத்தேன்.
சொல்லவில்லை. பில்லில் எழுதவும் இடமில்லை.

பூட்டுக்குள் பட்டாணி அளவு ஒரு பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது.
புதியது டென்மார்க்கிலிருந்து வரவேண்டும், பத்து நாள்.
அவன் கப்பலோ வியாழக்கிழமை.
பல்பைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தேன்.
ஐந்து வாட். சுட்டது.
சட்டைப்பையில் போட்டுப் பித்தானும் மாட்டிக்கொண்டான்.
மீட்டரில் முப்பது.
போனபின்னும் ஒருமுறை, வெறும் மீட்டரைப் பார்த்தேன்.

வியாழன் இரவு துறைமுகத்திலிருந்து அழைக்கிறான்,
பின்னால் கப்பலின் எஞ்சின்.
டிக்கியில் ஒன்றும் தெரியவில்லையாம்,
இடதுகால் பூட்ஸைக் காணோமாம்.
"தடவிப் பார்" என்றேன்.