கடல்நீர் எரிகிற கிழமை

தார்ப்பீப்பாய் எண்ணி முடித்த பின்னேரம்
லியாங் கேட்டார், அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போவீரா என்று.
கேட்டது அவரில்லை, கைபேசி.
அது பேசும் தமிழில்
எல்லோரும் மதிப்பிற்குரியவர்கள்.

முள்ளியவளை. காட்டுவிநாயகர் வாசல்.
காலுறையை மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தார்.
சேட்டையும் கழற்றவேணும் என்றதும் வெட்கப்பட்டார்.
முழங்கைக்குக் கீழே எங்கள் வெயில்,
மேலே அவருடைய ஊர்.

எண்ணெயா?
இல்லை, கடல்.
சிலாவத்தையில் மொண்டு வந்த தண்ணி.
வைகாசிப் பொங்கலுக்கு வட்டாப்பளைக்குப் போகும்.
அவர் படம் எடுக்கவில்லை.
திரி ஒருக்கால் சடசடத்தது.

தேத்தண்ணிக் கடையில் கைபேசி குழறியது:
"எமது ஊரில் தாய் மூதாதை. திருமணமாகாத பெண்.
படகுகளை உடுத்துகிறாள்."
எடுக்கிறாள் என்றிருக்கலாம்.
காக்கிறாள் என்றும்.
அறுநூறு வருசக் கோயிலாம்.
கூரையில் கால் முளைத்த பாம்புகள், பீங்கானில்.
ஊதுபத்திப் புகையில் அம்மன் முகம் கறுத்துப்போக
கறுப்பாகவே விட்டுவிட்டார்களாம்.

அங்கே பூசகரைக் கேட்பதில்லை.
பிறைபோல் வெட்டிய இரண்டு மூங்கில் துண்டு,
கேட்டுவிட்டு எறியவேணும்.
ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் ஓம்.
இரண்டும் கவிழ்ந்தால் இல்லை.

என் பையில் உடைத்த தேங்காய் இருந்தது,
இரண்டு பாதி.

நந்திக்கடலுக்குள் தம்பி இறங்கியதைக்
கண்டவர்கள் இருக்கிறார்கள்.
கரையேறியதைக் கண்டவர் இல்லை.
கந்தோர்களில் கேட்டிருக்கிறேன்,
படிவத்தில், மூன்று பிரதியில்.
அம்மனிடம் கேட்டதில்லை.
அவள் பதில் சொல்லிவிடக்கூடியவள்.

கடைக்குப் பின்னால், மணலில், எறிந்தேன்.
இரண்டும் நிமிர்ந்து விழுந்தன,
வெள்ளை வெளேரென்று.

"அவள் சிரிக்கிறாள்" என்றது கைபேசி.
ஏன்?
லியாங் நெடுநேரம் தட்டினார். அழித்தார். தட்டினார்.
"கேள்வி தெளிவில்லை. அல்லது
விடை ஏற்கெனவே
மதிப்பிற்குரிய இந்துமலரிடம் உள்ளது."

அவர் காசு கொடுக்கப் போன நேரம்
இன்னொருதரம் எறிந்தேன்.
எப்படி விழுந்தது என்று சொல்லமாட்டேன்.

அடுத்தநாள் முகாம் குசினியில்
அந்தத் தேங்காயைத் திருவிச் சம்பல் இடித்தேன்.
எத்தனைதரம் கழுவியும்
பல்லில் மணல் நறநறத்தது.
லியாங் ஒன்றும் சொல்லவில்லை,
பாணைக் கிள்ளித் தொட்டு
இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டார்.