ஒற்றைக் கோடு

தல்காவானோ துறைமுகம். இரண்டாம் எண் எடைமேடை.
மூன்று நாளாய் நோல்ஃபா
ஒரே ஒரு கோட்டைப் படித்து
லாரிகளை உள்ளே விட்டிருக்கிறாள்.

திரையெங்கும் இருட்டு. நட்டநடுவில் மட்டும்
மஞ்சளாய், கத்தி விளிம்பு மாதிரி
அந்தக் கோடு.
இருபத்தைந்து வரிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து
நசுங்கிக் கிடக்கும் இடம்.

"வலது ஓரம் ஒரு விரற்கடை நீண்டால்
ஐந்து இலக்கம். நிறைவண்டி.
நீளாவிட்டால் காலி" என்றாள்.
எந்த மின்சுற்றுப் புத்தகத்திலும்
இப்படி ஒரு பாடம் இல்லை.

மூடியைக் கழற்றினால் உப்பு.
திருகாணித் தலையில் உப்பு, தூசியில் உப்பு.
மீன்மாவு ஆலையின் வாடை
படக்குழாயின் கழுத்துவரை ஏறியிருந்தது.

இடது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.
யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை;
ஒருமுறை வாங்கிய அடி சொல்லிக் கொடுத்தது.
ஸ்க்ரூடிரைவரில் கம்பியைச் சுற்றி
மறுமுனையை உலோகச் சட்டத்தில் கவ்வவிட்டு
ரப்பர் குடைக்கு அடியில் மெல்ல நுழைத்தேன்.

டப்.

அணைத்து ஒரு மணி நேரமாகியும்
உள்ளே ஆள் இருந்திருக்கிறது.

வயிறு உப்பிய கெப்பாசிட்டர் ஒன்று
குற்றவாளி முகத்தோடு நின்றது. மாற்றினேன்.
கோடு கோடாகவே இருந்தது.
ஐசிக்கு வரவேண்டிய வோல்டேஜ் வந்துகொண்டுதான் இருந்தது.
சந்தேகப்பட இனி யாரும் மிச்சமில்லை.
சிகரெட் பிடிக்கக் கதவைத் திறந்தேன்.

அந்நேரம் பார்த்து
கானாங்கெளுத்தி ஏற்றிய லாரி ஒன்று மேடையேறியது.
மேசை அதிர்ந்தது. தேநீர் தளும்பியது.
கோடு
விரிந்தது,
ஒரு கண்சிமிட்டலுக்கு முழுத் திரையாய்.

"பதினெட்டாயிரத்து நானூற்று நாற்பது!"
நோல்ஃபா எழுதிக்கொண்டே கத்தினாள்.
அவளுக்கு அவள் கவலை.

பிறகு எளிது.
மரக்குச்சியால் ஒவ்வொரு காலாய்த் தட்டிப் போனேன்.
ஐந்தாம் காலைச் சுற்றி
மயிரிழை வளையமாய் ஈயம் விட்டிருந்தது.
எத்தனை ஆயிரம் வண்டிகள்
எடை காட்டப் போகிறபோதெல்லாம்
ஆளுக்கொரு குலுக்கு குலுக்கிவிட்டுப் போனதோ.
பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதுசு வைத்தேன்.
ஒரு சொட்டு. கொஞ்சம் புகை.

எழுத்துகள் மேலும் கீழுமாய் எழுந்து
அவரவர் வரியில் போய் உட்கார்ந்தன.

ஆனால் அந்தக் கோடு போகவில்லை.
மூன்று நாள் ஒரே இடத்தில் எரிந்ததில்
பாஸ்பர் கருகி, நடுவே ஒரு தழும்பு.
குழாயையே மாற்றினால்தான் போகும்,
குழாய் இனி எங்கும் கிடைக்காது என்றேன்,
என் தப்பு போல.

நோல்ஃபா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.
எடை வரும் வரிக்குச் சரியாகக் கீழே
ஓடியது தழும்பு.
"அடிக்கோடு போட்டிருக்கு. நல்லதுதான்" என்று
அடுத்த வண்டிக்குக் கையசைத்தாள்.

கூலியில் பாதி பணம்.
மீதி, செய்தித்தாளில் சுற்றிய
இரண்டு மீன்.
எடை போட்டுத்தான் கொடுத்தாள்.