காத்திருப்போர் பட்டியல், எண் மூன்று

கடைசித் தேதி பிப்ரவரி ஒன்று,
நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு வரை.
அவர்கள் ஊர் நள்ளிரவு
திருத்துறைப்பூண்டியில் விடிகாலை நாலரை.
நெட் சென்டர் ஜபருல்லா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார்.
"அனுப்பிட்டு எழுப்பும்மா."

குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
எங்களுக்கு ஏது?
பாஸ்போர்ட்டில் இருந்ததைப் போட்டேன்: காத்தமுத்து.
சொந்தப் பெயர் செங்கொடி.
கூலி உயர்வு ஊர்வலத்தன்று பிறந்ததால் வந்தது.
உங்கள் நாடு எந்த வகை?
வளரும் நாடு. டிக்.

ஆய்வு நோக்கம், ஐந்நூறு சொல்லுக்குள்.
உவர் வேறு, களர் வேறு என்று தொடங்கி
அழித்தேன்.
அதை விளக்கவே இருநூறு சொல் செலவாகும்.
கள்ளிமேட்டுக்குக் கீழே கடல் தண்ணீர்
அடப்பாற்றில் ஏறி வருகிறது.
போன வருஷம் ஏழாவது வயலில் நின்றது,
இந்த வருஷம் பத்தாவது.
நாற்பத்தொரு மண் மாதிரி,
ஹார்லிக்ஸ் பாட்டில்களில்,
என் கட்டிலுக்கடியில்.
அவற்றைக் கொண்டுபோக ஒரு அனுமதி,
அந்த அனுமதிக்கு ஒரு அனுமதி.
நான் போக ஒரு விசா போதும்.

பரிந்துரைக் கடிதம் கேட்கப் போனபோது
பேராசிரியர் தன் மகள் கல்யாணப் பந்தியில்
சாம்பார் வாளியோடு நின்றார்.
"நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்."
செங்கொடி கடும் உழைப்பாளி
என்று நானே எழுதும்போது கை கூசியது.
இரண்டாவது பத்தியில் கூசவில்லை.

ஆங்கிலத் தேர்வுக்குப் பதினேழாயிரம்.
அம்மாவின் தோடு கூட்டுறவு வங்கியில்,
காதில் வேப்பங்குச்சி.

நாலு இருபத்தாறுக்கு அழுத்தினேன்.
வருமானச் சான்றிதழ் மிகப் பெரிதாக இருக்கிறது,
சிறிதாக்கவும் என்றது கணினி.
சிரிப்பு வந்துவிட்டது.
ஜபருல்லா தூக்கத்திலேயே சொன்னார்,
"குறைச்சுப் போடு."

ஜூனில் கடிதம் வந்தது:
அன்புள்ள காத்தமுத்து.
அப்பா இயக்கணையில் தற்காலிக லஸ்கர்,
ஷட்டருக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.
"எனக்கா? சம்பளம் எவ்வளவு?"
படித்துச் சொன்னேன்.
நிதி பன்னிரண்டு பேருக்கு.
எங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில், மூன்றாவது.
அப்பா கையைத் துடைத்துக்கொண்டார்.
"கடைமடைன்னு சொல்லு."

மேட்டூர் திறந்து ஆறு நாள்.
கல்லணை தாண்டிற்று, நீடாமங்கலம் வந்தாயிற்று,
எங்கள் ஷட்டருக்கு எப்போதோ.
ஆனால் ஆறு அப்படியில்லை.
மேல்மடைக்காரன் வயல் நிறைந்தால்
மிச்சம் கீழே வரும்.
இதில் மிச்சம் என்று ஒன்று கிடையாது.
மூன்று பேர் விழவேண்டும்.
ஒருவருக்கு விசா மறுக்கப்படவேண்டும்,
ஒருத்தி வீட்டில் யாரோ படுக்கவேண்டும்,
இன்னொருவருக்கு என்னவோ.

தேர்வானவர்களின் நாடும் தலைப்பும் மட்டும் போட்டிருந்தார்கள்.
கானா. நேபாளம். எத்தியோப்பியா.
வங்கதேசம்: கடலோர நெல்வயலில் உப்பு.

சாமியிடம் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.
இருந்தாலும் இதை எப்படிக் கேட்பது?
ஒரு ராத்திரி கேட்டுவிட்டேன்.
யாரிடம் என்று தெரியவில்லை.

மறுநாள் அந்தத் தலைப்பைத் தேடினேன்.
ஒரு பழைய கட்டுரை, கீழே ஒரு முகவரி.
தஹ்மினா, குல்னா பக்கம்.
உங்கள் வயலில் எந்த மாதம் உப்பு ஏறும்
என்று மட்டும் எழுதினேன்.
என் எண் என்ன என்று எழுதவில்லை.

இரண்டு மணி நேரத்தில் பதில்.
ஏப்ரல்.
செவ்வாய்க்கிழமை எனக்கு விசா நேர்காணல்.
மாதிரிகளை ஊறுகாய் பாட்டிலில் வைத்திருக்கிறேன்,
விமானத்தில் விடுவார்களா?
யாருமே சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

அப்பா போனில் கூப்பிட்டார்.
தண்ணீர் வந்துவிட்டதாம்,
ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு,
கணுக்கால் அளவு.
வர்றேன் என்றேன்.

இரண்டு அனுமதி வேண்டும், தஹ்மினா.
முதலில் அவர்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு கடிதம்.
அது வர நாற்பது நாள் ஆகும்,
இன்றைக்கே கேளுங்கள்.
படிவத்தை இணைத்திருக்கிறேன்.
நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம் தவறாகத் தெரியும்,
அதைக் காலியாக விடுங்கள்.