பதினெட்டும் மீதி பன்னிரண்டும்

நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.
ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தால்
பக்கத்துக்குப் பத்து.
வகுத்தால் நானூற்று எண்பது பக்கம்.
பால் பாக்கி எழுதும் காலண்டரின் முதுகில்
இப்படித்தான் தொடங்கினேன்.

செல்போன் போதாதா என்றான் நாத்தனார் மகன்.
எடுத்துப் பார்த்தாயிற்று.
மின்விசிறியை நிறுத்தினால் தாளில் வியர்வை சொட்டுகிறது,
ஓடவிட்டால் ரசீது எழுந்து நடக்கிறது.
ஒரு மூலைக்குச் சாவிக்கொத்து, ஒரு மூலைக்கு டம்ளர்,
இன்னொன்றுக்கு
அவர் சாப்பிடக்கூடாத உருளைக்கிழங்கு.
எல்லாம் அடங்கிய பிறகு
என் தலை நிழல் சரியாகத் தொகையின் மேல் விழும்.
காப்பீட்டுக்காரர்களிடமிருந்து பதில் வரும்:
ஆவணம் தெளிவாக இல்லை, மீண்டும் பதிவேற்றவும்.

ஜெராக்ஸ் கடைத் தெய்வானைக்கு
எல்லாமே தெளிவாக இருக்கிறது.
கண்ணாடியில் கவிழ்க்கும் முன்பே படித்துவிடுவாள்.
"யூரியா ஏறியிருக்கு போலயே அக்கா."
பின்னால் ஹால் டிக்கெட்டோடு நிற்கும் பையன்
என் முகத்தைப் பார்ப்பான்.
கோபப்படவும் முடியாது.
போன ஆடியில் அவள்தான் எண்ணிச் சொன்னாள்,
பன்னிரண்டுதான் இருக்கு, ஒண்ணு குறையுது என்று.

வாரம் மூன்று டயாலிசிஸ்.
மாதம் பதின்மூன்று என்று வைத்துக்கொண்டேன்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசீது, ஒரு குறிப்புத்தாள்,
ஆக இருபத்தாறு பக்கம்.
நானூற்று எண்பதை இருபத்தாறால் வகுத்தேன்.
பதினெட்டு. மீதி பன்னிரண்டு.

பதினெட்டு மாதத்துக்கு மேல் போனால் லாபம்.
எது போனால்?

அதற்குள் பதிவு வரிசையில் எங்கள் எண் வந்து
நள்ளிரவில் போன் அடித்து
முகம் தெரியாத ஒருவரின் சிறுநீரகம் கிடைத்துவிட்டால்
ஸ்கேனர் நஷ்டம்.
இன்னொரு விதமாகவும் நஷ்டமாகலாம்.
அந்த வரியை எழுதவில்லை.
நகைக்கடை வைரத்தோடு வெளியே தெரியும்படி
காலண்டரைத் திருப்பி மாட்டினேன்.

ஊசி இல்லாத புதன்கிழமை,
வேளச்சேரியில் பறக்கும் ரயிலேறி
சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினோம்.
கூவம் வழக்கம்போல் முதலில் வரவேற்றது.
ரிச்சி தெருவில் மூன்றாவது கடை.
"ரெகுலர் யூஸா மேடம், எப்பவாவதா?
எப்பவாவதுன்னா மொபைலே போதும்.
வருஷக்கணக்கா ஓட்டணும்னா இதை எடுங்க."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

சோதித்துக் காட்ட ஒரு தாள் கேட்டான்.
கைப்பையில் நேற்றைய ரசீதுதான் இருந்தது.
திரையில் பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான்.
ரப்பர் ஸ்டாம்பின் ஊதா,
கையெழுத்தில் பேனா திணறிய இடம்.
"பாருங்க, ஒரு புள்ளிகூடச் சிதறல."
அத்தனை பெரிதாக்கியும்
ஒரு வார்த்தையும் அவன் படிக்கவில்லை.

அப்போதுதான் அருமைநாயகம் வாயைத் திறந்தார்.
"மூணு வருஷ வாரண்டி உண்டா தம்பி?"
"இருக்கு சார், அறுநூறு எக்ஸ்ட்ரா ஆகும்."
"போடு."

என்னைப் பார்க்கவில்லை.
விலைப்பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அதில் ஏதோ பெரிதாக எழுதியிருப்பதுபோல.
காலண்டரைத் திருப்பி மாட்டியவள் நான்.
மாதாமாதம் பால் பாக்கி பார்த்துக் கொடுப்பவர்
அவர்.

அறுநூறு கூடியதில்
கணக்கு இன்னும் இரண்டு மாதம் நீண்டுவிட்டது.
நானும் பேரம் பேசவில்லை.

இடது கையில் அவர் எடை தூக்கக்கூடாது.
அங்கே தோலுக்கு அடியில்
ரத்தம் சிர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும்,
காதை வைத்தால் கேட்கும்.
வலது கையால் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.
இரண்டு கிலோ பெட்டிக்கு இரண்டு பேர்,
படிக்கட்டில் எல்லோருக்கும் இடைஞ்சலாக.

ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.
தெய்வானையிடம் என்ன சொல்வது என்று
திருமயிலை தாண்டும்வரை
யோசித்துக்கொண்டே வந்தேன்.