தோல்பை

டிப்போவில் குடலிறக்கம் என்று சொல்லி
பதினெட்டு நாள் லீவு எழுதினேன்.
பீடியை விட்டு அன்றைக்கு இரண்டு வாரம்.

அண்ணாநகர் ஆஸ்பத்திரியில்
நிற்கவைத்து, ஊதாப் பேனாவால்
மாரில் இரண்டு வட்டம் போட்டார் டாக்டர்.
பள்ளிக்கூடத்துப் பயல்கள்
காற்றிலே போட்டுக் காட்டிய அதே வட்டம்.

விழித்தபோது
இரண்டு பக்கமும் குழாய், நுனியில் குடுவை.
காலையும் மாலையும் பூங்கோதை அளந்து
டிக்கெட் கட்டின் பழைய அட்டையில் குறித்தாள்:
நாற்பது. முப்பத்தைந்து. பன்னிரண்டு.
"கலெக்‌ஷன் கொறையுதே கண்டக்டரே" என்றாள்.
சிரித்தால் தையல் இழுத்தது.

சித்திரை வெக்கை.
இறுக்குபனியனுக்குள் வேர்த்து, அரித்து,
உட்கார்ந்தே உறங்கினேன்
ஆரப்பாளையத்துக் கடைசி வண்டி போனபிறகு.

கழற்றிய அன்று
மஞ்சளும் நீலமுமாய் ஒரு தட்டை.
தொட்டேன்.
விரலுக்குத் தெரிந்தது, மாருக்குத் தெரியவில்லை.
உணர்ச்சி வர மாசக்கணக்காகுமாம்.

இன்று உசிலம்பட்டி வண்டி. நின்றபடி நாற்பது பேர்.
பதினோரு வருசம் நெஞ்சை மூடிக் கிடந்த பையை
வாரைத் தளர்த்தி இடுப்போடு விட்டிருக்கிறேன்.
கைதான் கேட்கமாட்டேன் என்கிறது,
கூட்டம் நெருக்கினால் மேலே இழுத்துவிடுகிறது.

செக்கானூரணி எல்லாம் முன்னால வாங்க.