எண்பது தொடக்க விலை

கிராஸ்மோலினா தாண்டிச் சதுப்பு தொடங்கும் வளைவில்
என் வேன்.
ஒளிந்து நிற்பதில்லை.
பக்கவாட்டில் கேமராப் படம், கொட்டை எழுத்தில் அறிவிப்பு.
ஆனாலும் ஊரில் கேட்டால்
'பதுங்கியிருந்தாள்' என்பார்கள்.

எண்பது என்கிறது பலகை.
மாட்டுச் சந்தையில் வளர்ந்தவர்கள்,
அதைத் தொடக்க விலை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.
எண்பத்தாறு.
தொண்ணூற்றிரண்டு.
நூறு ஒரு தரம்.

முகங்களை எனக்குத் தெரியாது, எண்களைத் தெரியும்.
மீன் வண்டி பாடன்: தொண்ணூற்றொன்று.
பள்ளிக்கூட டிம்ப்னா: எழுபத்தெட்டு,
மழையோ வெயிலோ எழுபத்தெட்டு.
அவள் பின்னால் ஆறு கார்கள்
அவளைச் சபித்தபடியே
சட்டத்துக்குக் கட்டுப்படுகின்றன.
சவ ஊர்தி போகும்போது நாற்பது.
இறக்கிவிட்டுத் திரும்பும்போது நூற்று நான்கு.
அதற்கும் கடிதம் அனுப்பினோம்.

எதிரே வருகிறவனுக்கு விளக்கைச் சிமிட்டுகிறார்கள்,
இரண்டு முறை.
முன்பின் தெரியாதவனுக்கு.
ஒரு வாய்க்கால் வரப்புக்காக
இருபது வருடம் பேசாதவனுக்கும்கூட.
இந்த ஊரில் மிச்சமிருக்கும் ஒற்றுமை
என் ஒருத்தியால்தான் என்று
சில மதியங்களில் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

மலாக்கி கோகன் தன் டிராக்டரைக் கொண்டுவந்து
என் கேமராவின் கண்ணை மறைத்து நிறுத்துவார்.
'பழுது' என்பார்,
எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.
ஒருநாள் அடைமழையில் ஜன்னலைத் தட்டி
என் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ வாங்கிக் குடித்தார்.
கோப்பையைத் துடைத்துத் தந்தார்.
டிராக்டரை நகர்த்தவில்லை.

பிப்ரவரியில் அதே மலாக்கி எழுதிப்போட்டார்:
என் வாசலில் கார்கள் பறக்கின்றன,
எல்லாம் வெளியூர்க்காரர்கள்,
இங்கே ஒரு வேன் நிறுத்த ஆளில்லையா?
போய் நின்றேன்.
ஒரு காலைப் பொழுதில் நாற்பத்தொரு பேர்.
வெளியூர் மூன்று,
அதில் ஒருவர் பாதிரியார்.
மீதியில் ஒன்று மலாக்கியின் மகன் ஃபீயக்ரா.
இன்னொன்று மலாக்கி.
தொண்ணூற்றேழு.
எங்களுக்கு நன்றிக் கடிதம் எழுதி
தபால் பெட்டி மூடுவதற்குள் போடப் போனாராம்.

பழைய வளைவுக்கே திரும்பிவிட்டேன்.
இங்கே முள்வேலியில் ஒரு கால்பந்துச் சட்டை,
பச்சையும் சிவப்பும் வெளுத்துப்போய்,
கைகளை விரித்துக் கட்டியிருக்கிறார்கள்.
யாருடையது என்று நான் கேட்டதில்லை.
அதைக் கடக்கும்போது மட்டும் எண் இறங்குகிறது:
எழுபத்து நாலு, எழுபது, அறுபத்தெட்டு.
சிலுவைக் குறி போட ஒரு கை வேண்டுமே.
கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பியதும்
மறுபடி ஏலம்.

அந்த இருபது மீட்டரைத்தான்
அச்சடித்து மேலிடத்துக்கு அனுப்பலாம் என்று தோன்றும்.
விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆறு மணிக்கு வேனை ஒப்படைத்துவிட்டு
என் சொந்தக் காரில் வீட்டுக்கு.
பெல்லாகோரிக் நேர் சாலை, ஆள் இல்லை, ஆடுகூட இல்லை.
வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும் என்ற நினைப்பு வேறு.
கால் எப்போது இறங்கியதோ,
எண்பத்தெட்டு.
காட்டிலாகாத் திருப்பத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது:
கோனலின் வேன்.
காலையில்தான் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம்,
இருந்தும் நெஞ்சு ஒரு முறை துள்ளியது,
மூளைக்கு முன்னால் பாதம் பிரேக்கில்.

கடந்தேன்.
அடுத்த மேட்டில் எதிரே ஒரு கார் வந்தது,
நல்ல வேகம்,
பார்த்தாலே சொல்வேன், நூற்றுப் பத்துக்குக் குறையாது.
விரல் தானாகப் போனது.
இரண்டு முறை.

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து
ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினார்,
இந்தப் பக்கத்து வணக்கம் அது.
நான் யாரென்று தெரிந்திருந்தால்
வேறு விரல்.