எட்டவில்லை

நெய்வேலி, இரண்டாம் சுரங்கம், இரவு ஷிப்ட்.
பெல்ட்டடியில் சிந்திய பழுப்புக் கரியைக்
கூட்டிக்கொண்டிருந்த அஞ்சலாட்சியின் துடைப்பத்தில்
மொச்சைக்கொட்டை அளவு ஒரு மஞ்சள்
தட்டுப்பட்டது.

கல் என்றால் கனம் இல்லை.
கண்ணாடி என்றால் குளிர்ச்சி இல்லை.
தலைவிளக்குக்கு நேரே பிடித்தாள்.
உள்ளே ஒரு சிலந்தி.
அதற்கு முன்னால், மயிரிழை தள்ளி,
ஒரு கொசு.

எட்டுக் கால் இருந்தும்
இன்னும் எட்டவில்லை.

"குங்கிலியம் மாதிரிதாம்மா, மரத்துப் பிசின்.
கோடி வருஷம் இருக்கும்,
போனஸ் கணக்குல சேராது"
என்றார் போர்மேன் தெய்வீகன், டீயை ஊதியபடி.

விடிந்து வீடு வந்ததும்
பூச்சி இல்லாத ஓரமாய்ச் சுரண்டித்
தணலில் தூவினாள்.
கொஞ்சம் கோயில் வாசனை.
மீதி,
ஒரு மனுஷரும் நனையாத மழையின் வாசனை.

பசி முதலில் உறைந்ததா, பயமா?
கேட்டுக்கொண்டே
கேட் பாஸோடு மிச்சத்தைப் பையில் முடிந்தாள்.
இரும்புச் சக்கரம் வாரிய மண்ணில்
இன்னும் எத்தனை பாதிக் காரியங்களோ.

பகல் தூக்கத்தில் முழங்கையில் சுருக்கென்றது.
கொசு.
ஓங்கிய கை
அந்தரத்தில்
அப்படியே நின்றது,
வெயில் ஜன்னல் கம்பி தாண்டி
மஞ்சளாய் அவள்மேல் வழியும்வரை.

பிறகு அடித்தாள்.